பதினோராவது பர்மாக்காரர்

காஞ்சிபுரத்தில் துப்பறியும் தொழில் செய்து பிழைப்பது சுலபமில்லை. முத்துவேலிடம் வரும் வழக்குகள் பெரும்பாலும் இரண்டே வகை. காணாமல் போன பட்டுப் புடவைகள், காணாமல் போன மாப்பிள்ளைகள். புடவைகள் கிடைத்துவிடும். அதனால், "ஒரு பர்மாக்காரரைக் காணோம் சார், சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்று உத்திரமேரூரிலிருந்து போன் வந்ததும், அவர் பாதி இட்லியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

உதவியாளர் பவளம் தன் பங்கை நிதானமாக முடித்துவிட்டுத்தான் லாம்பிரட்டா ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறினாள்.

"பர்மாக்காரருக்கு உத்திரமேரூர்ல இன்னா சார் வேலை?"

"பந்து ஆடறாராம்."

"வயசு?"

"அறுபதுக்கு மேல."

"அப்ப அவரு காணாம போவல சார். எங்கனா குந்திக்கினு மூச்சு வாங்கிக்கினு இருப்பாரு" என்றாள்.

உத்திரமேரூர் நெருங்க நெருங்கச் சுவரெல்லாம் நோட்டீஸ். 'அகில உலக ஓய்வு பெற்ற வீரர்கள் கால்பந்துப் போட்டி, 1979.' மலேசியா, இலங்கை, பர்மா, உத்திரமேரூர் என்று நான்கு அணிகள். நான்காவது பெயரை மட்டும் மற்ற மூன்றையும்விடப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். போட்டியை நடத்துகிறவர் வேதகிரி. நெல் விளைந்து கொட்டும் நிலபுலன்காரர். இளமையில் ஒரே ஒரு முறை சென்னைக்குப் போய்ப் பந்து ஆடிவிட்டு வந்தவர். அந்த ஒரு முறையை ஊர் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த அகில உலகத்தையும் வரவழைத்திருந்தார்.

ஆட்டங்கள் நன்றாகவே நடந்திருந்தன. கீழே விழுந்தவர் தானாக எழுந்திருக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. நடுவருக்கும் விசில் ஊத மூச்சு இல்லாததால், பள்ளிக்கூட மணியை மைதானத்துக்குத் தூக்கிவந்து அடித்தார்கள். மலேசியாவும் இலங்கையும் தோற்றுப்போய், கால்களில் தைலம் தேய்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டன. இன்று சாயங்காலம் பர்மாவுக்கும் உத்திரமேரூருக்கும் இறுதி ஆட்டம். வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவர் கோப்பை கொடுக்க வருகிறார்.

பர்மா போட்ட கோல்கள் அத்தனையும் ஒரே ஆளின் இடது காலிலிருந்து வந்தவை. அவர் பெயர் சோ மின். மரியாதைக்கு 'ஊ சோ மின்' என்பார்களாம். விடிந்து பார்த்தால் அவர் படுக்கை காலி.

இதையெல்லாம் வேதகிரி பள்ளிக்கூட வாசலிலேயே நின்று சொன்னார். அணிகளைத் தங்கவைத்திருந்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். மற்ற பத்து பர்மாக்காரர்களும் மாமரத்தடியில், ஒரே மாதிரி பச்சை லுங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். கறுத்து, உரமேறி, நரைத்த தலைகள். முத்துவேல் இங்கிலீஷில் கேட்டுப் பார்த்தார். கையை ஆட்டிக் கேட்டுப் பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரங்கூனில் வெயில் அதிகம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அப்போது கோல்கீப்பர் என்று சொல்லப்பட்ட நெட்டை ஆள், பவளத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளின் காதில் முணுமுணுத்தார்.

"கயாகரு கஇகவ?"

பவளம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"கபகவகளம்" என்றாள்.

மாமரத்தடியில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. பவளம் திரும்பி முத்துவேலிடம் விளக்கினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்தால் அதுதான் பாஷை. மூன்றாம் வகுப்பில் வாத்தியாரைத் திட்டுவதற்கு அவளும் அவள் சிநேகிதிகளும் பேசியது. "'யாரு இவ'ன்னு கேட்டாரு சார். பேரச் சொன்னேன்."

நெட்டை ஆள் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "என் பேரு தாண்டவராயன், தென்னேரி. ஏர் ஓட்டறவன். எங்கள இன்னாவோ பண்ணிடாதீங்க" என்றார்.

வேதகிரி அங்கேயே மாமர வேரில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பர்மாவிலிருந்து பதினோரு பேர் வருவதாக ஏற்பாடு. பத்துப் பேரை அவர்கள் அரசாங்கம் வெளியே விடவில்லை. சோ மின் மட்டும் புத்த கயாவுக்கு யாத்திரையாக முன்கூட்டியே கிளம்பியிருந்தவர். சேதி தெரியாமல், அங்கிருந்து நேராக ரயிலேறி வந்து இறங்கிவிட்டார். நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அதிகாரிக்குச் சொல்லியாகிவிட்டது. வேதகிரி தென்னேரியிலும் ஐயங்கார்குளத்திலும் ஆள் பிடித்தார். வாயைத் திறந்தால் தமிழ் மட்டும் வரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சோ மினிடம் அந்தப் பத்துப் பேரையும் காட்டி, "பர்மா, பர்மா" என்று நெஞ்சில் அடித்துச் சொல்லிவிட்டார். பர்மாவிலேயே வேறு பாஷை பேசும் மலைப்பக்கத்து ஆட்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார் என்பது வேதகிரியின் கணக்கு.

"நம்பிட்டாருன்னுதான் சார் நெனச்சிக்கினு இருந்தேன். கண்டுபுடிச்சிட்டாரு. கோச்சிக்கினு போயிட்டாரு. நேரா அந்த அதிகாரிகிட்டயே போயி நிக்கப்போறாரு. நீங்க அவரக் கண்டுபுடிச்சா, இந்தப் பத்து பேரு சமாச்சாரத்த மட்டும் வாயத் தொறந்து ஒத்துக்கவே கூடாது. என் மானம் உங்க கையில கீது."

முத்துவேல் வாக்குக் கொடுத்தார். கட்சிக்காரரின் ரகசியம் காப்பது தொழில் தர்மம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு அதுவரை பெரிய வேலை வந்ததில்லை.

சோ மின் படுத்திருந்த வகுப்பறையில் கரும்பலகை நிறைய வட்ட வட்டமாக எழுதியிருந்தது. வட்டத்துக்குள் வட்டம், பக்கத்தில் வாய் திறந்த வட்டம், கீழே கொக்கி போட்ட வட்டம். பவளம் பார்த்துவிட்டு, "ஜாங்கிரி சுத்திப் பழகியிருக்காரு" என்றாள். முத்துவேல் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பார்ப்பதற்கு ஆளே இல்லாத அறையில் யாரும் பர்மிய எழுத்தில் நடிக்க மாட்டார்கள். ஆகவே பதினோராவது ஆள் அசல். அசல் ஆள் ஏமாற்றப்பட்டிருக்கிறார். ஏமாந்தவர் ஓடிப் போகும் முன் இத்தனை எழுதுவார் என்றால் அது புகாராகத்தான் இருக்க முடியும். சுண்ணாம்புக்கட்டி முறிந்து கிடந்ததையும் அவர் சுட்டிக் காட்டினார். கோபம்.

"புகார்னா, மேல எழுதின அதே எழுத்தையே கீழயும் எதுக்கு சார் எழுதிக்கினு போறாரு?"

"ரொம்பக் கோபம்" என்றார் முத்துவேல்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு மந்தாரை இலைப் பொட்டலம் கிடந்தது. உள்ளே கொஞ்சம் மீதி. மஞ்சள் நிறத்தில் நீள நீளமாக ஏதோ ஒன்று, அதில் புளி, வறுத்த வெங்காயம், முட்டைகோஸ். பவளம் ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தாள். முகம் முதலில் சுருங்கி, அப்புறம் மலர்ந்தது. இடியாப்பத்துக்கும் சுண்டலுக்கும் கல்யாணம் செய்து வைத்ததுபோல் இருக்கிறது என்றாள். இன்னொரு விரல் எடுக்கப் போனவளின் கையை முத்துவேல் தட்டிவிட்டார். பொட்டலத்தின் நூலில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. பஸ்ஸின் லக்கேஜ் டிக்கெட். சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக்கூட லக்கேஜ் போடும் கண்டக்டர் அந்தத் தடத்தில் ஒருவர்தான் உண்டு என்று தாண்டவராயன் வாசலிலிருந்தே சொன்னார். வாலாஜாபாத் வண்டி ராஜாராம்.

ராஜாராம் பஸ் நிலையத்தில், வண்டிக்குப் பக்கத்திலேயே கிடைத்தார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வாலாஜாபாத் சந்தையில் கடை போட்டிருக்கும் மார்த்தாள் என்ற அம்மாள், பர்மாக்காரர்கள் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த ஊர்த் தின்பண்டம் செய்து நேற்றுக் கொடுத்தனுப்பினாள். ராஜாராம் அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார். இன்று காலை முதல் வண்டிக்குப் பச்சை லுங்கிக்காரர் ஒருவர் வந்து, வெறும் மந்தாரை இலையை மூஞ்சிக்கு நேராக நீட்டி நீட்டிக் காட்டினார். புரிந்துகொண்டு முன்சீட்டில் உட்காரவைத்தார்.

"இலைக்கும் லக்கேஜ் போட்டீங்களா?" என்று கேட்டாள் பவளம்.

"இலை வெயிட்டு இல்லம்மா" என்றார் ராஜாராம், கொஞ்சம் வருத்தத்தோடு.

லாம்பிரட்டா வாலாஜாபாத்துக்குப் பறந்தது. வழி நெடுக முத்துவேல் தான் பேசப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கோபத்தில் இருக்கும் வெளிநாட்டுக்காரரிடம் முதலில் நம் நாட்டு விருந்தோம்பலைச் சொல்ல வேண்டும். அப்புறம் புத்தரைச் சொல்ல வேண்டும். பத்துப் பேரைப் பற்றிய பேச்சு வந்தால் மலைப்பக்கம் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். மணல் வெளுத்துக் கிடந்த பாலாற்றைத் தாண்டும்போது அவருக்குப் பேச்சு மனப்பாடமாகிவிட்டது.

மார்த்தாளின் கடை அரிசி ஆலைக்கு எதிரில் ஒரு தள்ளுவண்டியும் பெஞ்சியும். பெஞ்சியில் சோ மின் உட்கார்ந்திருந்தார். உருண்டையான சின்ன மனிதர். அவர் முகத்தில் கோபம் இல்லை. உப்பு ஜாடியைத் தொட்டு ஏதோ சொன்னார். தண்ணீர்க் குவளையைத் தொட்டு ஏதோ சொன்னார். ஒவ்வொன்றும் சொன்ன பிறகு மார்த்தாளின் முகத்தைப் பார்த்தார், பரீட்சை எழுதிய பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல. மார்த்தாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவருக்குத் திருப்தி இல்லை. அடுப்பைத் தொட்டார்.

முத்துவேல் மனப்பாடத்தை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று மார்த்தாளிடம் கேட்டார்.

மார்த்தாள் ரங்கூனில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து தமிழர்களையெல்லாம் அனுப்பிய காலத்தில் கப்பலேறி வந்தவள். புருஷன் இறந்த பிறகு அந்தப் பாஷையை அவள் யாரிடமும் பேசியதில்லை. நடந்ததை அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். இந்த மனிதருக்கு ஊரில் ஒரு டாக்டர், வயசாகிறது, இனி மறதி வரும் என்று சொல்லியிருக்கிறார். இங்கே வந்து தன் நாட்டு ஆட்கள் பத்துப் பேரோடு தங்கினார். அவர்கள் காலையிலிருந்து ராத்திரி வரை தங்களுக்குள் பேசிச் சிரிக்கிறார்கள். இவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

"தாய்ப் பாஷை தலையிலருந்து அழிஞ்சி போச்சின்னு நெனச்சிக்கினாரு. பலகையில ஆனா ஆவன்னாலருந்து எழுதிப் பாத்தாராம். எழுத்து வருது. ஆனா அந்தப் பத்து பேரு பேசறது மட்டும் காதுல ஏறலயாம். அதான் பொட்டலத்தப் பாத்துட்டு, எங்கிட்ட பேசிப் பாக்கலாம்னு வந்துட்டாரு."

பவளம் முத்துவேலைப் பார்த்தாள். அந்தப் பார்வையே அவருக்கு அன்றைக்கு விழுந்த பெரிய அடி.

மார்த்தாள் தொடர்ந்தாள். எல்லா வார்த்தையும் சரியாகத்தான் சொல்கிறார் என்று அவள் சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லை. நீயும் பேசி வருஷக்கணக்காகிறது, நீயும் மறந்தவள்தானே, இரண்டு பேருமாகச் சேர்ந்து தப்பாகப் பேசுகிறோம் என்கிறார். ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டார். "பொண்டாட்டி முன்னாடி ஊமையா நிக்கறதுக்கு, இங்கயே இருந்துடறேன்னு சொல்றாரு. இன்னா சொல்லியும் கேக்கல."

சோ மின் முத்துவேலைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முத்துவேலால் முடியவில்லை. காலையில் வேதகிரிக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. மலைப்பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்சிக்காரரின் மானம் பிழைத்துவிடும். இந்த ஆள் கொஞ்ச நாள் அதை நம்பக்கூடச் செய்வார். அப்புறம் மறுபடியும் உப்பு ஜாடியைத் தொட்டுப் பார்ப்பார்.

"பவளம், கட்சிக்காரர் ரகசியம்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லிடுங்க சார். அவரு மானம் போனா அடுத்த வருஷம் வேற மானம் வாங்கிப்பாரு."

முத்துவேல் பெஞ்சியில் சோ மினுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பத்துப் பேரும் பர்மாக்காரர்களே இல்லை, தென்னேரியிலும் ஐயங்கார்குளத்திலும் நாற்று நடுகிறவர்கள், அவர்கள் பேசியது எந்த நாட்டுப் பாஷையும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். மார்த்தாள் கேட்டுக்கொண்டே ஒரு முறை கரண்டியைத் தவறவிட்டாள். பிறகு பர்மிய பாஷையில் சொன்னாள்.

சோ மின் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிற பொய் என்று நினைத்தார். பவளம்தான் பெஞ்சியில் வந்து உட்கார்ந்து, தன் நெஞ்சைத் தொட்டு "பவளம்" என்றாள். அப்புறம் "கபகவகளம்" என்றாள். அவரைத் தொட்டு "சோ மின்" என்றாள். அப்புறம் நிறுத்தி, நிதானமாக, "கசோ கமின்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். மைதானத்தில் பத்துப் பேரும் நாளெல்லாம் அவரைப் பார்த்துக் கத்தியது அதுதான். உதடு அசைய ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். விரலால் 'க'வை வெட்டி எறிவதுபோல் காட்டினார். மீதி தன் பெயர். மார்த்தாளைத் தொட்டு, "கமார்கத்தாள்?" என்று கேட்டார்.

பவளம் தலையாட்டினாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சி ஆடியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அது சிரிப்பு நீர்தானா என்று யாருக்கும் தெரியாத ஓர் இடத்துக்கு வந்து நின்றது. மார்த்தாள் தண்ணீர் கொடுத்தாள். குடித்ததும் அவர் முகம் கடுகடுத்தது. ஏதோ அதட்டிக் கேட்டார்.

"கோல்ல நிக்கற ஆளு யாருன்னு கேக்கறாரு" என்றாள் மார்த்தாள். "ஏமாத்தனத மன்னிச்சிடுவாராம். ரெண்டு காலுக்கு நடுவுல பந்த வுட்டத மன்னிக்க மாட்டாராம்."

மார்த்தாள் அடுப்பை அணைத்துக் கடையை மூடினாள். அவளும் பவளமும் ராஜாராமின் பஸ்ஸில் ஏற, சோ மின் லாம்பிரட்டாவின் பின்சீட்டில் முத்துவேலின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் கண்ணில் பட்டதற்கெல்லாம் சத்தமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். எருமை, பனைமரம், நெல், பாலம். முத்துவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பள்ளிக்கூடத்தில் வேதகிரி ஓடி வந்தார். வாக்கு மீறிவிட்டதை முத்துவேல் மறைக்கவில்லை. வேதகிரி தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் தாண்டவராயன் முன்னால் வந்து, கை இரண்டையும் கூப்பி, சோ மினிடம் முதல் முறையாகத் தமிழில் பேசினார். "தப்பாப் போச்சு நைனா. உன் மனசு இப்டி பேஜார் ஆவும்னு தெரியாது." சோ மின் அவர் கையைப் பிடித்துப் பிரித்துவிட்டு, பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தினார். ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். "பே." பர்மிய பாஷையில் 'கொடு' என்று அர்த்தம் என்றாள் மார்த்தாள்.

சாயங்காலம் ஏரிக்கரை மைதானத்தில் கூட்டம் கரை புரண்டது. மணி அடித்தது. பத்து கிழவர்களும் பந்து வந்த இடத்திலெல்லாம் "பே, பே" என்று அலறிக்கொண்டு அதைச் சோ மினிடம் தள்ளினார்கள். உத்திரமேரூர் அணிக்கு எங்கே பார்த்தாலும் பேய் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அவர்களுடைய பின்காவல் ஆள் ஒருவர் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் இடது கால் சுழன்றது. பந்து உள்ளே. கடைசியில் உத்திரமேரூர் அடித்த ஒரு பந்து தாண்டவராயனின் கால்களுக்கு நடுவே வந்தபோது, அவர் பேசாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். நடுவரால் அவரை எழுப்ப முடியவில்லை. கீழே விழுந்தவர் தானாக எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருந்ததில் ஆட்டம் முடிந்துவிட்டது.

கோப்பையைப் பர்மா வென்றது. தன் ஊர் தோற்ற துக்கத்தையும் மானம் தப்பிய மகிழ்ச்சியையும் ஒரே முகத்தில் வைக்க இடமில்லாமல் வேதகிரி மேடையில் நின்றார். வடக்கத்தி அதிகாரிக்குத் தமிழ் வராது. இங்கிலீஷில் பர்மாவையும் கடலையும் நட்பையும் பாராட்டிவிட்டு, கோப்பையை வரிசையில் முதலில் நின்ற தாண்டவராயனின் கையில் கொடுக்கப் போனார். அப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள். தென்னேரி முனியம்மாள், தாண்டவராயனின் மனைவி.

"ஆடனது போதும், வூட்டுக்கு வா. மாடு கறக்காம கத்திக்கினு கீது."

அதிகாரி வேதகிரியின் பக்கம் குனிந்து, அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்டார். "பர்மா தேசிய கீதம்" என்று வேதகிரி சொல்லிவிட்டார்.

அதிகாரி உடனே நிமிர்ந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார். அவர் நின்றதைப் பார்த்து மேடை முழுவதும் எழுந்து நின்றது. மேடையைப் பார்த்து ஊர் எழுந்து நின்றது. எல்லாரும் தன் பேச்சுக்கு மரியாதை செய்வதைக் கண்ட முனியம்மாள், இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். கழனியில் தண்ணீர் பாய்ச்சாததையும் சொன்னாள். மற்ற ஒன்பது பேரின் மனைவிமார் பெயரையும் சொன்னாள். அது முடியும்வரை அதிகாரி அசையவில்லை.

முத்துவேலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சோ மின், மார்த்தாளின் கையைத் தட்டி என்னவோ கேட்டார். அவள் அவர் காதோரமாக முனியம்மாளின் பேச்சை அப்படியே பர்மிய பாஷையில் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பிறகு மெதுவாகப் பதில் சொன்னார். மார்த்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முத்துவேல் என்னவென்று கேட்டார்.

"இவரு பொண்டாட்டியும் இப்டித்தான் கூப்புடுவாங்களாம். நாளைக்கே ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்துத் தரச் சொல்றாரு."